சிடி45ஆர்ஏ பாசிட்டிவ் என்றாலே நைவ் செல்லா?

மதுரையில் ஒரு கல்லூரியில் நோயெதிர்ப்பியலில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். காசநோய் தொடர்பான ஆய்வுக்காக ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, சிடி3 (எல்லா டி செல்களும்), சிடி4 (உதவிச் செல்), சிடி8 (கொல்லும் செல்), சிடி45ஆர்ஏ என நான்கு மேற்பரப்பு மார்க்கர்களில் ஒட்டும் சாயமிட்ட ஆன்டிபாடிகளைப் போட்டு, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் இரண்டு லேசர் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டியிருக்கிறார். 62 வயதுத் தன்னார்வலர் ஒருவரின் சிடி8 செல்களில் பாதிக்கு மேல் சிடி45ஆர்ஏ பாசிட்டிவாக வந்திருக்கிறது. "இந்த வயதில் இவ்வளவு நைவ் செல்லா?" என்று வழிகாட்டி கேட்டிருக்கிறார். சிசிஆர்7 என்ற இன்னொரு மார்க்கரைச் சேர்த்துப் பார்த்தால் செல்கள் தெளிவாகப் பிரியவில்லை. வேறு எந்த மார்க்கரைச் சேர்ப்பது, சிசிஆர்7 ஏன் சரியாக வரவில்லை, இதே பேனலை (ஆன்டிபாடித் தொகுப்பை) எலிக்கும் பயன்படுத்தலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

உங்கள் வழிகாட்டியின் சந்தேகம் நியாயமானது. அந்தப் பாதியில் கணிசமான பகுதி நைவ் செல்லாக இருக்க வாய்ப்பில்லை. ஆன்டிபாடியில் குறையில்லை, கருவியிலும் குறையில்லை. ஒரே மார்க்கரிடம் அதனால் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். நைவ் செல் என்பது தைமஸிலிருந்து வெளியே வந்தபின் தனக்குரிய ஆன்டிஜெனை (அது அடையாளம் காணும் கிருமித் துண்டை) இன்னும் சந்திக்காத செல். அதாவது அந்தச் செல்லின் கடந்த காலத்தைப் பற்றி நாம் ஒன்றைச் சொல்கிறோம். ஃப்ளோ சைட்டோமெட்ரி காட்டுவதோ இந்த நிமிடத்தில் செல்லின் மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்பதை மட்டும். மேற்பரப்பைப் பார்த்து வரலாற்றை ஊகிக்கிறோம். ஊகம் நிற்க வேண்டுமானால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாட்சிகள் இரண்டு மூன்றாவது வேண்டும்.

முதலில் சிடி45 எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இது எல்லா வெள்ளணுக்களிலும் இருக்கும் டைரோசின் பாஸ்ஃபடேஸ் நொதி. இதன் ஜீனில் 4, 5, 6 ஆகிய எக்ஸான்கள் ஏ, பி, சி என்று பெயர் பெற்ற துண்டுகளைத் தருகின்றன. ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும்போது இவற்றில் எது சேர்க்கப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதைப் பொறுத்துப் புரதத்தின் வெளிப்பகுதி நீண்டோ குறுகியோ அமைகிறது. ஏ துண்டு இருந்தால் ஆர்ஏ ஆன்டிபாடி ஒட்டும். மூன்றும் நீங்கிய மிகக் குறுகிய வடிவத்தில் ஆர்ஓ ஆன்டிபாடி ஒட்டும். நைவ் செல் நீண்ட வடிவத்தை வைத்திருக்கிறது. தூண்டப்பட்ட பின் சில நாட்களில் வெட்டி ஒட்டும் முறை மாறி, செல் குறுகிய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. பழைய புரதம் மறைந்து புதியது வருவதற்குள் இரண்டும் சேர்ந்து தெரிகிற இடைக்காலம் ஒன்று உண்டு. பிளாட்டில் மூலைவிட்டமாக ஒரு வால் தெரிந்தால் காம்பன்சேஷன் (சாயங்களின் கசிவைக் கழிக்கும் திருத்தம்) பிழை என்று உடனே அதைத் துடைத்துவிட வேண்டாம்.

இந்த மாற்றம் ஒருவழிப் பாதையாக இருந்திருந்தால் நீங்கள் போட்ட நான்கு ஆன்டிபாடிகளே போதும். அப்படியில்லை. சிடி8 செல்களில் பலமுறை தூண்டப்பட்டு, பல தலைமுறை பிளவுபட்டு, கொல்லும் திறன் முற்றிய ஒரு பிரிவு ஆர்ஏ வடிவத்தை மறுபடி எடுத்துக்கொள்கிறது. டெம்ரா என்று ஆய்வாளர்கள் அழைப்பது இதைத்தான். சித்திரைத் திருவிழாவுக்கு இருபது வருடம் கழித்து துபாயிலிருந்து வந்தவரும் வேட்டிதான் கட்டியிருப்பார், ஊரைவிட்டே நகராதவரும் வேட்டிதான் கட்டியிருப்பார். கூட்டத்தில் வேட்டியை மட்டும் பார்த்தால் யார் எவர் என்று தெரியாது. உங்கள் 62 வயதுக்காரரின் சிடி8 பிளாட்டில் நடந்திருப்பது இதுதான். சைட்டோமெகலோ வைரஸ் தொற்று இந்தப் பிரிவைப் பெருக்குகிறது. நம் நாட்டில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த வைரஸை எப்போதோ வாங்கியவர்கள். வயது கூடும்போது தைமஸ் சுருங்கி நைவ் செல் வரத்துக் குறைகிறது, குறிப்பாகச் சிடி8 பக்கத்தில். ஆகவே ஒரு பக்கம் உண்மையான நைவ் செல் குறைய, மறுபக்கம் டெம்ரா கூட, மொத்த ஆர்ஏ சதவீதம் இளைஞருடையதைப் போலவே வந்து நிற்கும். இருபது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் ஆர்ஏ ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிட்டு "வேறுபாடு இல்லை" என்று முடிவு எழுதினால், அந்த முடிவுக்கு எந்தப் பொருளும் இல்லை.

சிடி4 பக்கம் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அங்கே ஆர்ஏ பாசிட்டிவும் நெகட்டிவும் இரண்டு தனிக் குன்றுகளாகத் தெரியும், டெம்ரா மிகக் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. இலங்கையில் ரத்த தானம் செய்தவர்களிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், டெங்குவுக்கு எதிரான சிடி4 செல்களில் இந்த டெம்ரா வகை கொல்லும் திறனோடு இருப்பது காட்டப்பட்டது. டெங்கு ஆண்டுதோறும் வந்து போகும் நம் பகுதியில் சிடி4-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது.

இரண்டாவது சாட்சி வேறு துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். சிடி45 செல்லின் தூண்டல் வரலாற்றைப் பற்றிப் பேசுகிறது. சிசிஆர்7, சிடி62எல் இரண்டும் செல் எங்கே போகப் போகிறது என்பதைப் பற்றிப் பேசுகின்றன. நைவ் செல்லின் வேலை நிணநீர் முடிச்சுகளுக்குள் நுழைந்து, தேடி, கிடைக்கவில்லையென்றால் வெளியேறி, அடுத்த முடிச்சுக்குப் போவது. ரத்தத்தில் வேகமாக ஓடும் செல்லை முடிச்சின் சிறு நாளச் சுவரில் உருளவிட்டு வேகத்தைக் குறைப்பது சிடி62எல். அங்கே இருக்கும் சிசிஎல்21 என்ற கீமோகைனை உணர்ந்து, செல்லை அப்படியே நிறுத்தி உள்ளே அனுப்பக் காரணமாவது சிசிஆர்7. நுழையும் உரிமை வேண்டிய செல்லுக்கு இரண்டும் வேண்டும். வீக்கமுள்ள திசுவுக்குப் போய்ச் சண்டையிட வேண்டிய செல்லுக்கு இரண்டும் வேண்டியதில்லை.

1999-இல் சலுஸ்டோ, லான்சவெக்கியா குழுவினர் சிடி45ஆர்ஏ-வையும் சிசிஆர்7-ஐயும் ஒன்றாக வைத்து வரைந்த நான்கு கட்டங்களைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. இரண்டும் பாசிட்டிவ் என்றால் நைவ். ஆர்ஏ நெகட்டிவ், சிசிஆர்7 பாசிட்டிவ் என்றால் மைய நினைவுச் செல். அது நிணநீர் முடிச்சுகளைச் சுற்றி வரும், தூண்டினால் ஐஎல்-2 என்ற வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து பெருகும். இரண்டும் நெகட்டிவ் என்றால் செயல்நிலை நினைவுச் செல். அது திசுக்களுக்குள் போகும், தூண்டிய சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புப் புரதத்தைக் கொட்டும். ஆர்ஏ பாசிட்டிவ், சிசிஆர்7 நெகட்டிவ் என்றால் டெம்ரா. உங்கள் மாதிரிகளில் சிசிஆர்7 ஒன்றைச் சரியாகச் சேர்த்தாலே அந்தப் "பாதிக்கு மேல்" இரண்டாக உடைந்துவிடும்.

சிடி62எல் ஏன் சிசிஆர்7-க்கு மாற்றாக ஆகாது என்று கேட்பீர்கள். புதிய ரத்தத்தில் ஆகும். ஆனால் அது எளிதில் உதிர்ந்துவிடும். செல் தூண்டப்பட்டவுடன் ஆடம்17 என்ற நொதி அதை மேற்பரப்பிலிருந்து வெட்டி எறிந்துவிடுகிறது. உறையவைத்து உருக்கிய செல்களிலும் அது குறைந்துபோகும். உங்கள் மாதிரிகளில் ஒரு பாதி திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்தவையாகவும் மறுபாதி அன்றே எடுத்தவையாகவும் இருந்தால், சிடி62எல் காட்டும் வேறுபாடு நோயின் வேறுபாடாக இருக்காது, சேமிப்பின் வேறுபாடாக இருக்கும். எலியில் சிடி62எல் நன்றாக வேலை செய்கிறதே என்றால், அங்கே மண்ணீரலை எடுத்த சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

சிடி27 எனக்குப் பிடித்த மார்க்கர். பிரகாசமாகத் தெரியும், குளிருக்கும் உறைதலுக்கும் அவ்வளவு சீக்கிரம் கெடாது. சிசிஆர்7 வேலைகள் வருவதற்கு முன்பே, 1997-இல், ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் ஆர்ஏ, சிடி27 இரண்டையும் சேர்த்துச் சிடி8 செல்களை நைவ், நினைவு, செயல்நிலை என்று பிரித்துக் காட்டினார்கள். இரண்டும் பாசிட்டிவாக இருந்தால் நைவ். ஆர்ஏ பாசிட்டிவ், சிடி27 நெகட்டிவ் என்றால் டெம்ரா வகை. சிசிஆர்7 உங்களைக் கைவிடும் நாளில் சிடி27 காப்பாற்றும். சிடி28-ம் ஏறத்தாழ இதே கதையைச் சொல்லும். அதை இழந்து சிடி57-ஐப் பெற்ற செல்கள் பெருக்கத்தின் கடைசிப் படிகளில் இருப்பவை. முதுமை உங்கள் தலைப்பாக இல்லாவிட்டால் சிடி57-க்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

இப்போது மூன்றாவது சாட்சி. 2011-இல் கட்டினோனி குழுவினர் ஆர்ஏ பாசிட்டிவ், சிசிஆர்7 பாசிட்டிவ், சிடி27 பாசிட்டிவ் என எல்லா விதத்திலும் நைவ் போலத் தோன்றும் செல்களுக்குள் ஒரு சிறு நினைவுப் பிரிவு ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். ரத்தத்தின் டி செல்களில் சுமார் 2 முதல் 3 சதவீதம். தண்டு நினைவுச் செல் என்று அதற்குப் பெயர். தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும், மற்ற நினைவு வகைகளையெல்லாம் பிறப்பிக்கும். அதைக் காட்டிக்கொடுப்பவை சிடி95-ம் சிடி122-ம். சிடி95 என்பது ஃபாஸ் என்று அறியப்பட்ட மரண ஏற்பி. ஓய்வில் உள்ள நைவ் செல்லில் அது இல்லை. ஒருமுறை ஆன்டிஜெனைச் சந்தித்த செல்லில் தங்கிவிடுகிறது. ஆகவே மனிதர்களில் "ஆர்ஏ பாசிட்டிவ், சிசிஆர்7 பாசிட்டிவ், சிடி95 நெகட்டிவ்" என்பதே எனக்குத் தெரிந்தவரை நைவ் செல்லுக்கு நெருக்கமான வரையறை. சிசிஆர்7-ஐச் சரிசெய்த பிறகு இன்னும் ஒரே ஒரு ஆன்டிபாடி வாங்க நிதி இருக்கிறது என்றால் சிடி95 வாங்குங்கள். ஆர்ஓ வாங்க வேண்டாம். ஆர்ஏ-வுக்கு எதிர்ப்பக்கமாக ஆர்ஓ சொல்வது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த செய்திதான்.

ஆர்ஓ தேவைப்படும் ஒரு அபூர்வ நிலை உண்டு. சிலருக்குச் சிடி45 ஜீனின் 4-ஆவது எக்ஸானில் ஒற்றை எழுத்து மாற்றம் இருக்கும். அவர்களுடைய நினைவுச் செல்களும் ஆர்ஏ-வை விடாமல் வைத்திருக்கும். எல்லா டி செல்லும் ஆர்ஏ பாசிட்டிவாக ஒரு தன்னார்வலர் வந்தால் ஆன்டிபாடியைக் குறை சொல்வதற்கு முன் ஆர்ஓ போட்டுப் பாருங்கள்.

உங்கள் கருவி இரண்டு லேசர் கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு நிறம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் சிடி3, சிடி8, சிடி45ஆர்ஏ, சிசிஆர்7, சிடி95, கூடவே இறந்த செல்லைக் காட்டும் ஒரு சாயம். சிடி4-ஐத் தியாகம் செய்யலாம். சிடி3 பாசிட்டிவ், சிடி8 நெகட்டிவ் செல்களில் பெரும்பாலானவை சிடி4 செல்களே, கொஞ்சம் காமா-டெல்டா என்ற வேறு வகை டி செல்கள் கலந்திருக்கும், அதை ஆய்வேட்டில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இறந்த செல் சாயத்தை மட்டும் தியாகம் செய்யக் கூடாது. இறந்த செல்கள் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டவைத்துக்கொண்டு, நீங்கள் தேடும் அந்த 2 சதவீத மூலையில்தான் போய் உட்காரும். சிடி8 கேட்டில் (பிளாட்டில் கோடு போட்டுத் தேர்ந்தெடுத்த பகுதியில்) இன்னொரு விருந்தாளியும் உண்டு. மெய்ட் எனப்படும் செல்கள் பெரும்பாலும் சிடி8 உள்ளவை, இயல்பிலேயே உடனடியாகச் செயல்படத் தயாரானவை, செயல்நிலை நினைவுக் கட்டத்தில் விழும். கிருமிக்கு எதிரான நினைவு என்று அவற்றையும் எண்ணிவிடுவீர்கள். காசநோய் ஆய்வில் இது சிறிய விஷயமில்லை, ஏனெனில் மெய்ட் செல்கள் மைக்கோபாக்டீரியத்துக்கும் எதிர்வினை காட்டுபவை. எட்டு நிறக் கருவி எங்காவது கிடைக்கும் நாளில் சிடி161 சேர்த்துப் பாருங்கள்.

சிசிஆர்7 ஏன் பிரியவில்லை? இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மதுரையில் இந்த ஆன்டிபாடி கெட்டுப்போகும் வழிகள் புத்தகத்தில் எழுதியவற்றைவிட அதிகம்.

சிசிஆர்7 ஓரிடத்தில் நிற்கும் மூலக்கூறு கிடையாது. மேற்பரப்புக்கும் செல்லின் உட்புறத்துக்கும் இடையே ஓயாமல் போய்வரும். பனிக்கட்டியில் வைத்து எல்லா ஆன்டிபாடிகளையும் ஒன்றாகச் சேர்க்கும் வழக்கமான முறையில், அந்த நொடியில் மேலே இருப்பவை மட்டும் சாயம் பெறும், மங்கலாக வரும். 37 டிகிரியில் முதலில் சிசிஆர்7 ஆன்டிபாடியை மட்டும் சேர்த்து 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். அதன்பின் குழாயை வெளியே எடுத்து மற்ற ஆன்டிபாடிகளைச் சேர்த்து அறை வெப்பத்தில் இன்னொரு 20 நிமிடம். இந்த ஒரு மாற்றத்தால் இரண்டு குன்றுகளுக்கும் நடுவே பள்ளம் விழுவதைப் பார்க்கலாம். சிசிஆர்7-க்கு உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பிரகாசமான சாயத்தைக் கொடுங்கள். பிஇ இருந்தால் பிஇ. சிடி3, சிடி8 போன்ற, செல்லில் நிறைய இருக்கும் மார்க்கர்களுக்கு மங்கலான ஃபிட்சி போதும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் குளிர்பெட்டியில் ஏற்கெனவே சிடி3-பிஇ குப்பி திறந்திருக்கிறது. அந்தச் சிக்கனம் மிகவும் விலையுயர்ந்தது.

சிவப்பணுக்களை உடைக்கும் கரைசல் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள். சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதில் முதலில் உடைத்துப் பிறகு சாயமிட்டால் சிசிஆர்7-இன் வடிவம் கெட்டு ஆன்டிபாடி ஒட்டாது. முதலில் சாயம், அப்புறம் உடைத்தல்.

அடுத்தது வெயில். நெறிமுறைகளில் "அறை வெப்பம்" என்று எழுதியிருப்பது 18 முதல் 25 டிகிரி. அக்னி நட்சத்திர நாட்களில் மதுரையில் குளிர்சாதனம் இல்லாத அறைக்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் காலையில் எடுத்த ரத்தம் பஸ்ஸில் மதியம் வந்து சேர்கிறது. வழியில் என்ன ஆயிற்று என்பது குழாயைத் தொட்டாலே தெரியும்: ஒன்று வெதுவெதுப்பாக இருக்கும், அல்லது பயந்துபோய் யாரோ பனிக்கட்டியில் புதைத்து அனுப்பியதால் சுவரில் நீர் கோத்து நிற்கும். இரண்டும் கெடுதல். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிக்கும் ஃபைக்கால் கரைசலின் 1.077 என்ற அடர்த்தி 20 டிகிரிக்குச் சொல்லப்பட்டது. சூடான ரத்தமோ குளிர்ந்த ரத்தமோ அதன்மேல் ஊற்றப்பட்டால் வெள்ளை வளையம் கலங்கி, கிரானுலோசைட்டுகள் இறங்காமல் தங்கிவிடும். தெர்மாகோல் பெட்டியில், உறையவைக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்த ஜெல் பைகளைப் போட்டு, குழாய்க்கும் பைக்கும் நடுவே ஒரு துணி மடிப்பு வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டிக்குள் ஒரு சாதாரண வெப்பமானியும் இருக்கட்டும். ஃபைக்கால் குப்பியைக் காலையிலேயே வெளியே எடுத்து ரத்தத்தோடு ஒரே வெப்பத்துக்கு வரவிடுங்கள். எடுத்த ரத்தத்தை அன்றே பிரித்துவிட வேண்டும், இரவு தங்கவிடக் கூடாது.

இரண்டு சாயங்களைப் பிணைத்துச் செய்த டேண்டம் சாயங்கள் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் இன்னும் பயந்தவை. பிஇ-சை7 சிதைந்தால் அந்த ஒளி பிஇ அலைவரிசையில் கசிந்து வரும். அங்கே உங்கள் சிசிஆர்7 இருக்கிறது. அப்போது எல்லாச் செல்லும் சிசிஆர்7 பாசிட்டிவாகத் தெரியும், எல்லாரும் நைவ். மின்சாரம் போன மறுநாள் அந்தக் குப்பிகளை நம்புவதற்கு முன் ஒரு தனிச்சாயக் கன்ட்ரோல் ஓட்டிவிடுங்கள்.

ரத்தம் கொடுப்பவரையும் மறக்கக் கூடாது. ரத்தத்தில் உள்ள நைவ் செல் எண்ணிக்கை கார்ட்டிசோல் ஹார்மோனுக்கு எதிர்த்திசையில் நாள்தோறும் ஏறி இறங்குகிறது, இரவில் அதிகம், காலையில் குறைவு. செயல்நிலை சிடி8 செல்களோ அட்ரினலின் ஏறினால் நாளச் சுவர்களிலிருந்து பெயர்ந்து ரத்தத்துக்கு வந்துவிடும். பஸ்ஸைப் பிடிக்க ஓடி, மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்து நிற்பவரிடம் உடனே ஊசி போட்டால் டெம்ரா சதவீதம் கூடித்தான் இருக்கும். நோயாளிகளிடம் காலையில் வார்டில் படுத்த நிலையிலும், ஒப்பீட்டுக்கான மாணவர்களிடம் மதியம் வகுப்பு முடிந்தபின்னும் ரத்தம் எடுக்கும் பழக்கம் நம் ஊர் ஆய்வுகளில் மிகச் சாதாரணம். இருவருக்கும் ஒரே நேரம், முன்னால் கால் மணி நேரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். இதற்கு நிதி தேவையில்லை.

இனி கேட் போடுவது. சிடி3, சிடி8-க்கு எங்கே கோடு போடுவது என்று யாரும் தடுமாறுவதில்லை. சிசிஆர்7, சிடி95, சிடி8 பக்கத்தின் ஆர்ஏ மூன்றும் படிப்படியாக மங்கிப் போகும் மார்க்கர்கள். இவற்றுக்கு எஃப்எம்ஓ கன்ட்ரோல், அதாவது அந்த ஒரு ஆன்டிபாடியை மட்டும் விட்டு மற்ற எல்லாம் சேர்த்த குழாய், கட்டாயம். ஐசோடைப் கன்ட்ரோலை (அந்த மார்க்கரில் ஒட்டாத, அதே வகை ஆன்டிபாடியை) வைத்துக் கோடு போடும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம்; மற்ற சாயங்களிலிருந்து வரும் கசிவை அது காட்டாது. இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது: தொப்புள்கொடி ரத்தம். பிறந்த குழந்தையின் டி செல்கள் ஏறத்தாழ முழுவதும் நைவ். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு மகப்பேறு வார்டிலிருந்து ஒரு குழாய் கிடைத்தால், அதே பேனலைப் போட்டு ஓட்டுங்கள். சிடி95 நெகட்டிவ் என்றால் எங்கே விழும், சிசிஆர்7 பாசிட்டிவ் எவ்வளவு பிரகாசம் என்று கண்ணால் பார்த்துவிடலாம். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர் பிறகு கோட்டை வசதிக்கேற்ப நகர்த்த மாட்டார்.

கேட் வரிசை வழக்கமானதுதான். பரப்புக்கு எதிராக உயரம் வைத்து ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்களை நீக்கி, இறந்தவற்றை நீக்கி, லிம்போசைட், சிடி3, சிடி8, பிறகு நான்கு கட்டம். தண்டு நினைவுச் செல்களையும் எண்ணப் போகிறீர்கள் என்றால் சேகரிக்கும் செல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கடைசிக் கட்டத்தில் 100 செல் இருந்தால் எண்ணிக்கையின் இயல்பான ஆட்டமே 10 சதவீதம். 400 இருந்தால் 5 சதவீதம். பதினேழு செல்லை வைத்துக்கொண்டு நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் வேறுபாடு என்று எழுதிய ஆய்வேடுகளை வாசித்திருக்கிறேன்.

சதவீதத்தோடு நிறுத்தவும் வேண்டாம். நைவ் சதவீதம் குறைந்தால் நைவ் செல் குறைந்தது என்று பொருளாகாது. நினைவுச் செல் பெருகியிருந்தாலும் அப்படித்தான் தெரியும். அதே நாள் ரத்த அணு எண்ணிக்கையிலிருந்து லிம்போசைட் அளவை எடுத்துப் பெருக்கி, மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்றும் கொடுங்கள்.

இவ்வளவும் தோற்றத்தைப் பற்றியது. தேர்வாளர் யாராவது "இவை நைவ் என்பதற்கு என்ன நிரூபணம்?" என்று கேட்டால் தோற்றம் மட்டும் போதாது. செல்களைப் பிரித்தெடுக்கும் கருவி எங்காவது கிடைத்தால் இரு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து டியூபர்குலின் புரதத்தால் தூண்டுங்கள். நம் நாட்டில் பிறந்தவுடன் பிசிஜி போடுகிறோம், காசநோய்க் கிருமியோடு பழக்கமும் பரவலாக உண்டு. ஆகவே உங்கள் தன்னார்வலர்களில் பலருக்கு நினைவுப் பிரிவு இன்டர்ஃபெரான் காமா தரும், நைவ் பிரிவு மௌனமாக இருக்கும். மேலைநாட்டு ஆய்வகங்களில் பலவற்றுக்குக் கிடைக்காத வசதி இது. பிரிக்க வழியில்லை என்றால் பிஎம்ஏ, அயோனோமைசின் என்ற தூண்டும் வேதிப்பொருட்களைச் சேர்த்து நான்கைந்து மணி நேரம் வைத்து, செல்லுக்குள் இருக்கும் புரதங்களுக்குச் சாயம் போடலாம். நைவ் செல்லில் ஐஎல்-2 வரும், இன்டர்ஃபெரான் காமா பெரும்பாலும் வராது. ஆனால் பிஎம்ஏ பட்டவுடன் சிடி4 மேற்பரப்பிலிருந்து உள்ளே போய்விடும், சிடி62எல் உதிர்ந்துவிடும். சிடி4 காணாமல் போயிற்று என்று பதறி ஆன்டிபாடி நிறுவனத்துக்குப் புகார் எழுதுவது இந்த வேலையில் எல்லாரும் ஒருமுறை கடக்கும் சடங்கு.

ரத்தத்துக்கு எழுதிய இந்த விதிகளை அப்படியே திசுவுக்குக் கொண்டுபோக முடியாது. நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1993-இன் வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பகுதியில் லெப்டோஸ்பைரா கிருமியால் வந்த யூவியைட்டிஸ் என்ற கண் உள்வீக்கம் பலரிடம் ஒரே காலத்தில் தென்பட்டது. அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் அதை ஆவணப்படுத்தினார்கள். அப்படிப்பட்ட கண்ணின் முன்னறையிலிருந்து எடுக்க முடிவது ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு நீர். அதில் உள்ள டி செல்களில் நைவ் தேடுவது வீண்; வீங்கிய திசுவுக்குள் நுழைந்தவை பெரும்பாலும் நினைவுச் செல்களே. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, அவை ரத்தத்திலிருந்து வந்தவையா, அங்கேயே குடியிருப்பவையா என்பது. அதற்குச் சிடி69, சிடி103. இதே சிடி69 ரத்தத்தில் "சற்று முன் தூண்டப்பட்டது" என்றும் திசுவில் "இங்கேயே வசிக்கிறேன்" என்றும் இரண்டு வேறு பொருள் தரும்.

கடைசியாக எலி. இதே பேனல் ஆகாது. ஆர்ஏ, ஆர்ஓ ஜோடி எலியின் டி செல்லில் பயன்படாது. அங்கே சிடி44-ம் சிடி62எல்-ம். சிடி44 குறைவு, சிடி62எல் அதிகம் என்றால் நைவ். இரண்டும் அதிகம் என்றால் மைய நினைவு. சிடி44 அதிகம், சிடி62எல் குறைவு என்றால் செயல்நிலை. சிடி44 எலியில் எல்லாச் செல்லிலும் கொஞ்சமாவது இருக்கும், அளவும் எலியின் இனத்துக்கு இனம் மாறும். ஆகவே பி6 எலியில் போட்ட கோட்டை பால்ப்-சி எலிக்குத் தூக்கிவைக்க வேண்டாம். எந்த ஆன்டிஜெனையும் சந்திக்காமலே சிடி44 உயர்ந்த சிடி8 செல்களும் எலியில் உண்டு. அவற்றில் சிடி49டி குறைவாக இருப்பதைக் கொண்டு பிரிக்கலாம்.

மதுரையில் டி செல் ஆராய்ச்சி என்றாலே எலி என்று ஆகிவிட்டது. 1970-களில் இங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் முத்துக்கருப்பன் குழுவினர் வேலிகளில் திரியும் ஓணானை வைத்து நோயெதிர்ப்பு மண்டலம் எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். இந்த ஊர் மாணவர்கள் பலருக்கே அது தெரியாது.

எலி எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். கிருமி நீக்கிய கூண்டில் வளர்ந்த எலியின் நினைவுச் செல்கள் மிகக் குறைவு, பிறந்த குழந்தையை ஒத்திருக்கும். 2016-இல் மினசோட்டா ஆய்வாளர்கள் செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய எலிகளை இந்தச் சுத்தமான எலிகளோடு ஒரே கூண்டில் விட்டார்கள். தொற்றுகளைத் தாங்கிப் பிழைத்த ஆய்வக எலிகளின் டி செல்கள் வளர்ந்த மனிதருடையதைப் போல மாறின. உங்கள் கல்லூரி விலங்குக் கூடம் இந்த இரண்டு நிலைகளில் எதற்கு அருகில் இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆறு வாரக் கட்டுப்பாட்டு எலி ஒன்றின் மண்ணீரலை முதலில் ஓட்டி, சிடி44 உயர்ந்த செல் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பரிசோதனையைத் தொடங்குங்கள்.